முகப்புப் பக்கத்திலேயே டேலிக்கு ஒரு பட்டன்: எந்த வழி யாருக்கு ஒத்துவரும்?

ஒரு வரி ஆலோசகர் அலுவலகத்தில் காலையில் கம்ப்யூட்டரைத் திறந்ததும் தேவைப்படுபவற்றைப் பாருங்கள். ஜிஎஸ்டி போர்ட்டல், வருமான வரி போர்ட்டல், டிடிஎஸ்ஸுக்கு (முன்கூட்டியே பிடித்துக் கட்டும் வரி) டிரேசஸ் தளம், பிஎஃப் தளம். இவை எல்லாம் பிரவுசருக்குள் இருப்பவை. கணக்கு எழுதும் டேலி, எக்ஸெல், டிஜிட்டல் கையெழுத்துக்கான எம்சைனர், கிளையன்ட் ஃபோல்டர்கள் எல்லாம் பிரவுசருக்கு வெளியே இருப்பவை. தளங்களுக்கு மட்டும் சொந்தமாக ஒரு முகப்புப் பக்கம் செய்துகொள்வது பெரிய வேலை இல்லை. கொஞ்சம் எச்டிஎம்எல் தெரிந்த பையன் ஒருவன் இருந்தால் ஒரு மதியத்தில் முடித்துவிடுவான். அதைப் பார்த்ததும் முதலாளி கேட்பார்: "இதிலேயே டேலிக்கும் ஒரு பட்டன் வச்சிடேன்."

வைக்கலாம். ஆனால் நேர்வழியில் பிரவுசர் விடாது, சுற்றுவழிகள்தான் உண்டு. அவற்றை ஒப்பிடும்போது பெரும்பாலும் எது சுலபம் என்றுதான் பார்க்கிறார்கள். நான் முதலில் கேட்பது வேறு: நாம் வைக்கும் பட்டனை நம்மைத் தவிர வேறு யாரால் அழுத்த முடியும்? கிளையன்ட்டுகளின் பாஸ்வேர்டும் டிஎஸ்சி டோக்கனும் (டிஜிட்டல் கையெழுத்து இருக்கும் யூஎஸ்பி சாதனம்) அதே கம்ப்யூட்டரில் இருக்கும்போது, சுலபமா கஷ்டமா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

சாதா லிங்க் ஏன் வேலை செய்யாது

எல்லோரும் முதலில் செய்து பார்ப்பது இதைத்தான். டேலியின் எக்ஸ்இ ஃபைல் இருக்கும் இடத்தை அப்படியே லிங்க்காகப் போட்டு அழுத்திப் பார்ப்பார்கள். பக்கம் உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருந்தால், குரோம் அந்த ஃபைலை 'டவுன்லோட்' செய்யும். சி டிரைவில் ஏற்கெனவே இருக்கும் ஃபைலின் நகல் ஒன்று டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் வந்து உட்காரும். கூட இருக்க வேண்டிய ஃபைல்கள் இல்லாததால் அந்த நகல் உருப்படியாக ஓடாது. ஃபயர்ஃபாக்ஸும் 'சேமிக்கவா' என்றுதான் கேட்கும். பக்கம் அலுவலக சர்வரிலோ இணையத்திலோ இருந்தால் அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. ஏன் என்ற காரணம்கூட டெவலப்பர் கன்சோலைத் திறந்து பார்த்தால்தான் தெரியும்.

ஒரு காலத்தில் இது முடிந்தது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் ஆக்டிவ்எக்ஸ் (கம்ப்யூட்டரின் புரோகிராம்களைப் பக்கம் தொட விட்ட வசதி) வழியாக இரண்டே வரி ஸ்கிரிப்ட்டில் நோட்பேடைத் திறந்துவிடலாம். 1997-இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 4 ஆக்டிவ் டெஸ்க்டாப் என்று ஒன்றைக் கொண்டுவந்து, இணையப் பக்கத்தையே டெஸ்க்டாப்பின் பின்னணியாகப் போடவும் விட்டது. அந்தத் தாராளம் வைரஸ்காரர்களுக்கும் சேர்த்தே கிடைத்தது. ஆக்டிவ் டெஸ்க்டாப்பை விஸ்டாவோடு நிறுத்தினார்கள். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை மைக்ரோசாஃப்ட் 2022 ஜூன் 15-இல் மூடியது. எட்ஜில் 'ஐஇ மோட்' என்று அதன் மிச்சம் இருக்கிறது, ஆனால் அது பழைய அலுவலக மென்பொருளை ஓட்டுவதற்காக விட்டுவைத்தது. புதிதாக ஒன்றை அதன் மேல் கட்டாதீர்கள். தேடினால் இன்றைக்கும் முதலில் கிடைப்பது அந்த ஆக்டிவ்எக்ஸ் வரிகள்தான், அதனால் சொல்கிறேன்.

பக்கம் வேண்டுமா, ஃபோல்டர் போதுமா

புரோகிராம்களைப் பிரவுசருக்குள் கொண்டுவருவதற்குப் பதில் தளங்களை வெளியே கொண்டுவந்தால் என்ன? முகவரிப் பட்டையில் முகவரிக்கு முன்னால் இருக்கும் சின்னத்தைப் பிடித்து டெஸ்க்டாப்பில் இழுத்துப் போட்டால் அந்தத் தளத்துக்கு ஷார்ட்கட் உருவாகிவிடும். ஒரு ஃபோல்டரில் நான்கு தளங்களின் ஷார்ட்கட், பக்கத்திலேயே டேலி, எக்ஸெல் ஷார்ட்கட். அவ்வளவுதான். இன்னும் வேகம் வேண்டுமென்றால் டாஸ்க்பாரில் பின் செய்துவிட்டு விண்டோஸ் கீயோடு 1, 2, 3 என்று அழுத்தலாம். எழுத வேண்டிய கோட் பூஜ்யம், வெளியார் அழுத்தும் பேச்சும் இல்லை. விண்டோஸ் 10-இல் ஒரு ஃபோல்டரையே டாஸ்க்பாரில் டூல்பாராக வைக்க முடிந்தது. 11-இல் அதை எடுத்துவிட்டார்கள். நல்ல வசதி, போனது போனதுதான்.

இதில் இல்லாதது, பக்கத்தில் மட்டுமே கிடைக்கிற விஷயங்கள். 7-ஆம் தேதி டிடிஎஸ், 11-ஆம் தேதி விற்பனை விவர ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதி மாதச் சுருக்க ரிட்டர்னான 3பி என்று கெடு நாட்களை மேலே காட்டி, அதனதன் கீழே அந்தந்த வேலைக்கான தளத்தையும் புரோகிராமையும் சேர்த்து வைக்க ஃபோல்டரால் முடியாது. கிளையன்ட் பெயரைத் தட்டித் தேடவும் முடியாது. இவை உங்களுக்கு வேண்டாம் என்றால் மீதிக் கட்டுரையைப் படிக்கத் தேவையே இல்லை, ஃபோல்டரே போதும்.

எச்.டி.ஏ.: சுலபம்தான், ஆனால்

பக்கத்தின் ஃபைல் பெயரில் கடைசியில் இருக்கும் எச்டிஎம்எல் என்பதை எச்டிஏ என்று மாற்றினால் போதும். விண்டோஸ் அதைப் பிரவுசரில் திறக்காமல் ஒரு புரோகிராமாகவே நடத்தும். உள்ளே இருக்கும் ஸ்கிரிப்ட் எதை வேண்டுமானாலும் திறக்கும், எந்த அனுமதியும் கேட்காது. 1999-இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5-உடன் வந்த வசதி இது, விண்டோஸ் 11-இலும் இன்னும் ஓடுகிறது.

வெளித் தளம் எதுவும் இந்தப் பட்டன்களைத் தொட முடியாது என்பது நிஜமான பலம். ஆனால் உள்ளே ஓடுவது அந்தப் பழைய எக்ஸ்ப்ளோரரின் எஞ்சின். இன்றைய தளங்களை அதற்குள் காட்ட முடியாது, தள லிங்க் ஒவ்வொன்றையும் வெளியே இருக்கும் பிரவுசருக்குத் தள்ளும்படி எழுத வேண்டும். அப்படியானால் அது முகப்புப் பக்கம் இல்லை, தனி ஜன்னல். இதற்கான பழைய உதாரணங்களில் பாதி விபிஸ்கிரிப்ட்டில் இருக்கும். மைக்ரோசாஃப்ட் 2023 அக்டோபரில் அதைக் கைவிடப்போவதாக அறிவித்துவிட்டது. எழுதுவதானால் ஜேஸ்கிரிப்ட்டில் எழுதுங்கள்.

பெரிய சிக்கல் வேறு. எச்டிஏவை ஓட்டும் எம்எஸ்எச்டிஏ என்ற புரோகிராம் திருடர்களுக்கு ரொம்பப் பிடித்தது. 'நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்க இதை ரன் பெட்டியில் ஒட்டுங்கள்' என்று சொல்லி ஏமாற்றும் போலிப் பக்கங்கள் பலவும் ஒட்டச் சொல்வது இதைக் கூப்பிடும் கட்டளையைத்தான். அதனால் ஆன்டிவைரஸ்கள் இதைச் சந்தேகத்தோடு பார்க்கும், பெரிய நிறுவனங்களில் மொத்தமாகத் தடுத்தும் வைத்திருப்பார்கள். இன்றைக்கு ஓடுகிற பக்கம் அடுத்த அப்டேட்டில் நின்றால் கேட்க ஆள் இல்லை. வீட்டுக் கம்ப்யூட்டரில் விளையாட்டாகச் செய்து பார்க்கலாம், அலுவலகத்துக்கு நான் சொல்ல மாட்டேன்.

சொந்தமாக ஒரு புரோட்டோகால்

ஜூம் மீட்டிங் லிங்க்கை அழுத்தினால் 'ஜூமைத் திறக்கவா?' என்று பிரவுசர் கேட்கிறது அல்லவா? மெயில் லிங்க் அவுட்லுக்கைத் திறப்பதும், ஸ்டீம் கடைப் பக்கத்திலிருந்து கேம் ஓடத் தொடங்குவதும் இதே ஏற்பாட்டில்தான். லிங்க்கின் ஆரம்பத்தில் எச்டிடிபிஎஸ் இருக்கும் இடத்தில் வேறொரு பெயர் இருக்கும். அந்தப் பெயருக்கு உரிய புரோகிராம் எது என்று விண்டோஸிடம் முன்பே பதிந்திருக்கும். நாமும் ஒரு பெயரைப் பதிந்துகொள்ளலாம்.

விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரியில் கரண்ட் யூசர் பகுதிக்குள் சாஃப்ட்வேர், அதற்குள் கிளாசஸ். அங்கே நீங்கள் வைத்த பெயரில் ஒரு கீ, அதில் 'யூஆர்எல் புரோட்டோகால்' என்ற பெயரில் வெறும் மதிப்பு ஒன்று. பிறகு ஷெல், ஓப்பன், கமாண்ட் என்று மூன்று படி உள்ளே போய், எந்தப் புரோகிராமைக் கூப்பிட வேண்டும் என்று எழுத வேண்டும். முழு லிங்க்கும் %1 என்ற இடத்தில் வந்து சேரும். கரண்ட் யூசர் பகுதி என்பதால் அட்மின் பாஸ்வேர்டும் வேண்டாம். லினக்ஸில் இதே வேலையை ஒரு டெஸ்க்டாப் ஃபைலும் எக்ஸ்டிஜி-மைம் கட்டளையும் செய்துவிடும்.

இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். லிங்க்கில் என்ன வழி எழுதியிருக்கிறதோ அதை அப்படியே ஓட்டும் ஒரு பேட்ச் ஃபைலை (கட்டளைகளை வரிசையாக எழுதிய ஃபைல்) எழுதி, அதைப் பதிந்துவிடுவார்கள். புதுப் பட்டன் வேண்டுமென்றால் பக்கத்தில் ஒரு வரி சேர்த்தால் போதுமே, வசதிதானே என்ற நினைப்பு. ஆனால் நீங்கள் பதிந்த பெயர் உங்கள் பக்கத்துக்கு மட்டும் சொந்தமில்லை. உலகில் எந்தத் தளமும் அந்தப் பெயரில் லிங்க் வைக்கலாம். 2022 மே மாதம் வெளியே வந்த ஃபோலினா ஓட்டை இந்த வகைதான். விண்டோஸோடு வரும் பழுது கண்டறியும் கருவிக்கென மைக்ரோசாஃப்ட்டே பதிந்திருந்த புரோட்டோகாலுக்கு, ஒரு வேர்ட் டாக்குமென்ட் வழியாக விஷமமான சரத்தை அனுப்பி, கம்ப்யூட்டரில் இஷ்டப்பட்ட கட்டளையை ஓட்ட முடிந்தது. மைக்ரோசாஃப்ட்டுக்கே இந்தக் கதி.

சரியான முறை, லிங்க்கில் ஒரு பெயர் மட்டும் வருவது. 'டேலி' என்று வந்தால் இதைத் திற, 'எக்ஸெல்' என்று வந்தால் அதைத் திற, வேறெது வந்தாலும் ஒன்றும் செய்யாதே. இந்தப் பட்டியல் ஸ்கிரிப்ட்டுக்குள் இருக்க வேண்டும், பக்கத்தில் இல்லை. அப்படி எழுதிவிட்டால் கெட்ட தளம் ஒன்று உங்கள் லிங்க்கைக் கண்டுபிடித்தாலும், அதனால் ஆகக்கூடியது உங்கள் டேலியைத் திறந்து வைப்பது. அதற்கும் முன்னால் பிரவுசர் உங்களைக் கேட்கும்.

செய்யும்போது கையைக் கடிக்கிற சில விஷயங்கள். புரோட்டோகாலின் பெயர் ஆங்கில எழுத்தில்தான் இருக்க முடியும். அதற்குப் பின்னால் வரும் பகுதியில் தமிழ் போடலாம், ஆனால் பிரவுசர் அதைச் சதவீதக் குறிகளாக மாற்றித்தான் அனுப்பும். 'க' என்ற ஒரே எழுத்து, % குறிகளையும் சேர்த்து 9 எழுத்துகளாகிவிடும். ஸ்கிரிப்ட் அதைத் திரும்ப அவிழ்க்க வேண்டும், பேட்ச் ஃபைலில் சதவீதக் குறிக்கு வேறு அர்த்தம் இருப்பதால் தலைவலி இரட்டிப்பாகும். பட்டனின் மேல் 'கணக்கு' என்று தாராளமாகத் தமிழில் எழுதுங்கள், லிங்க்குக்குள் ஆங்கிலச் சிற்றெழுத்தே இருக்கட்டும். லிங்க்கின் கடைசியில் சில நேரம் ஒரு சாய்கோடு ஒட்டிக்கொண்டு வரும், அதையும் கழற்றிவிட்டு ஒப்பிடுங்கள்.

பேட்ச் ஃபைலாக இருந்தால் ஒவ்வொரு முறையும் கறுப்பு ஜன்னல் ஒன்று மின்னி மறையும். பைத்தானில் எழுதி, ஜன்னல் இல்லாமல் ஓடும் பைத்தான்டபிள்யூவைப் பதிந்தால் அந்தத் தொல்லை இல்லை. அப்புறம், இப்படித் திறக்கும் புரோகிராம் தன் சொந்த ஃபோல்டரில் நின்று தொடங்காது. தன் செட்டிங்ஸ் ஃபைலை நிற்கிற இடத்திலேயே தேடும் பழைய புரோகிராம்கள், ஷார்ட்கட்டில் ஓடும், இதில் ஓடாது. ஸ்கிரிப்ட்டில் முதலில் அந்த ஃபோல்டருக்குப் போய்விட்டுத் திறக்கச் சொல்லுங்கள்.

'எல்லாவற்றையும் திற' என்று காலை நேரத்துக்கு ஒரு பட்டன் வைக்க ஆசை வரும். ஒரே கிளிக்கில் நான்கு லிங்க்குகளை அடுத்தடுத்து அனுப்பினால் குரோம் முதலாவதோடு நிறுத்திக்கொள்ளும், ஒரு கிளிக்குக்கு ஒரு வெளிப் புரோகிராம்தான். லிங்க் ஒன்றாகவே இருக்கட்டும், நான்கையும் திறக்கிற வேலையை ஸ்கிரிப்ட் பார்த்துக்கொள்ளட்டும்.

'திறக்கவா?' என்று ஒவ்வொரு முறையும் கேட்பது சிலருக்கு எரிச்சல். 'எப்போதும் அனுமதி' என்ற டிக் பெட்டி எச்டிடிபிஎஸ் பக்கங்களுக்குக் கிடைக்கும். அலுவலக சர்வரில் வெறும் எச்டிடிபியில் பக்கத்தை வைத்திருந்தால் குரோமில் அந்தப் பெட்டி வராது. நிர்வாகி இருக்கும் இடத்தில் குரோம், எட்ஜ் பாலிசி மூலம் 'இந்தத் தளத்திலிருந்து இந்தப் புரோட்டோகால் வந்தால் கேட்காதே' என்று வைத்துவிடலாம். என்னைக் கேட்டால் அந்தக் கேள்வி இருக்கட்டும். ஒரு கிளிக் செய்வதில் யாருக்கும் கை வலிக்காது.

இந்த வழியின் உண்மையான குறை, இது ஒருவழிப் பாதை. டேலி திறந்ததா, ஏற்கெனவே திறந்திருக்கிறதா, டோக்கன் செருகியிருக்கிறதா என்று பக்கத்துக்கு எதுவும் தெரியாது.

லோக்கல் சர்வர்

பதில் வேண்டும் என்றால் பலர் நேராகப் போவது இதற்கு. உங்கள் கம்ப்யூட்டரிலேயே, அது தன்னையே குறிக்கும் 127.0.0.1 முகவரியில் சின்ன சர்வர் ஒன்றைப் பைத்தானில் ஓட விடுவது. பக்கம் அதற்குச் செய்தி அனுப்பும், அது புரோகிராமைத் திறந்துவிட்டுப் பதில் சொல்லும். பழக்கமில்லாத விஷயம் ஒன்றும் இல்லை. ஜிஎஸ்டி போர்ட்டலில் டிஎஸ்சி போட எம்சைனர் ஓட வேண்டும் என்பதும், முதல் முறை 127.0.0.1-இன் 1585 போர்ட்டை (வாசல் எண்) பிரவுசரில் திறந்து ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதும் இந்த ஏற்பாட்டினால்தான். டேலியே 9000 போர்ட்டில் சர்வராக நின்று மற்ற புரோகிராம்களோடு பேசும்.

எழுதுவதும் சுலபம், பத்திருபது வரிகள். எனக்குப் பயம் தருவதும் அதுதான். 127.0.0.1 என்றால் வெளியாள் வர முடியாது என்று நினைப்பார்கள். வெளியாள் நேரடியாக வர வேண்டியதில்லை. நீங்கள் திறந்து வைத்திருக்கும் ஏதோ ஒரு தளம், உங்கள் பிரவுசரை விட்டே அந்த முகவரியைக் கூப்பிட வைக்கலாம். 2019 ஜூலையில் ஜூம் மாட்டிக்கொண்டது இதில்தான். மேக் கம்ப்யூட்டர்களில் அது சத்தமில்லாமல் ஒரு லோக்கல் சர்வரை வைத்திருந்தது. எந்தத் தளமும் அதன் வழியாக ஒருவரை, கேமராவோடு, மீட்டிங்கில் சேர்த்துவிட முடிந்தது. ஜூமை நீக்கினாலும் சர்வர் மட்டும் அங்கேயே இருந்தது. கடைசியில் ஆப்பிளே ஒரு அப்டேட் அனுப்பி அதை அகற்றியது.

புரோட்டோகாலில் 'திறக்கவா?' என்று பிரவுசர் கேட்டது. இங்கே உங்கள் சர்வருக்குக் காவல் நீங்கள்தான். இடையில் யாராவது கேட்பார்கள் என்று நம்பி எழுதக் கூடாது. ஒவ்வொரு செய்தியோடும் ரகசியச் சொல் ஒன்று வர வேண்டும், சாதாரண லிங்க்கால் எதுவும் திறக்கக் கூடாது, எந்த ஹோஸ்ட் பெயரில் கூப்பிடுகிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். இவை எல்லாம் சேர்ந்தால் பத்து வரி நூறு வரியாகிவிடும். இன்னொன்று, 'எப்போதும் ஓடட்டும்' என்று அதை விண்டோஸ் சர்வீஸாக (பின்னணியில் தானாக ஓடும் புரோகிராம்) பதிந்தால், அது திறக்கும் புரோகிராம் ஓடும், ஆனால் திரையில் தெரியாது. விஸ்டாவிலிருந்து சர்வீஸ்கள் தனி செஷனில் ஓடுகின்றன. டாஸ்க் மேனேஜரில் எக்ஸெல் வரிசையாகக் குவிந்திருக்கும், கண்ணில் ஒன்றும் படாது. ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் வைப்பதுதான் சரி.

நேட்டிவ் மெசேஜிங்

பிரவுசர்காரர்களே இதற்கென்று கொடுத்த முறையான வாசல் இது. ஒரு எக்ஸ்டென்ஷன் (பிரவுசரில் சேர்க்கும் துணை நிரல்), அதோடு பேச உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு சின்னப் புரோகிராம். எந்த எக்ஸ்டென்ஷன் பேசலாம் என்று அதன் ஐடியைக் குறிப்பிட்டு ஒரு ஜேசன் ஃபைலில் எழுதி ரெஜிஸ்ட்ரியில் பதிய வேண்டும். இணையதளங்களுக்கு இதில் இடமே இல்லை. பதில் வரும். போனஸாக, எக்ஸ்டென்ஷன் என்பதால் 'புது டேப்' பக்கத்தையே உங்கள் பக்கமாக மாற்றிக்கொள்ளலாம். சாதாரணமாக குரோமில் ஹோம் பட்டனுக்கும் தொடக்கப் பக்கத்துக்கும் மட்டும்தான் நம் ஃபைலைக் கொடுக்க முடியும்.

யார் அழுத்தலாம் என்ற கேள்விக்கு இதுவே ஆகச் சிறந்த விடை. ஆனால் வேலை அதிகம், பிழை வந்தால் கண்டுபிடிப்பது அதைவிட வேலை. இரண்டு பக்கமும் பேசுவது சாதா உள்ளீடு, வெளியீடு (ஸ்டாண்டர்ட் இன்புட், அவுட்புட்) வழியாக. ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் அதன் நீளம் 4 பைட்டில் போக வேண்டும். பைத்தானில் சோதனைக்காக ஒரு பிரின்ட் வரி போட்டுவிட்டால் அந்த எழுத்துகளை நீளம் என்று எடுத்துக்கொண்டு இணைப்பு அறுந்துவிடும். இன்னொரு விநோதமும் உண்டு: விண்டோஸில் பிரவுசர் உங்கள் சின்னப் புரோகிராமை முடிக்கும்போது, அது திறந்துவிட்டவையும் சேர்ந்து மூடிக்கொள்ளலாம். கணக்கு எழுதிக்கொண்டிருக்கும்போது டேலி மறைந்துபோவது யாருக்கும் பிடிக்காது. புரோகிராமைத் திறக்கும்போது அந்தப் பிணைப்பிலிருந்து பிரித்துவிடும் ஃபிளாக் (கட்டளையோடு சேர்க்கும் குறிப்பு) ஒன்றைச் சேர்த்தால் சரியாகிவிடும். மோசில்லாவின் ஆவணத்திலேயே இது இருக்கிறது, ஆனால் அடிபட்ட பிறகுதான் எல்லோரும் படிப்பார்கள்.

ஃபயர்ஃபாக்ஸில் எக்ஸ்டென்ஷனுக்கு மோசில்லாவின் கையொப்பம் வேண்டும். குரோமில் ஸ்டோரில் போடாமல் ஃபோல்டரிலிருந்து ஏற்றினால் டெவலப்பர் மோடைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். அப்படி ஏற்றும் எக்ஸ்டென்ஷனின் ஐடி, ஃபோல்டர் இருக்கும் இடத்தை வைத்து உருவாகிறது. ஒரு கம்ப்யூட்டரில் டி டிரைவ், இன்னொன்றில் சி டிரைவ் என்றால் ஐடி மாறி, ஒன்றில் ஓடும் இன்னொன்றில் ஓடாது. எக்ஸ்டென்ஷனின் விவர ஃபைலான மேனிஃபெஸ்டில் கீயைப் பதித்துவிட்டால் எல்லாவற்றிலும் ஒரே ஐடி.

எதை எடுப்பது

நான்கைந்து கம்ப்யூட்டர் உள்ள அலுவலகம், கெடு நாட்களோடு ஒரு பக்கம் வேண்டும், பட்டனை அழுத்தினால் டேலி திறந்தால் போதும் என்றால் என் தேர்வு சொந்தப் புரோட்டோகால். ஒரு ரெஜிஸ்ட்ரி ஃபைலும் ஒரு ஸ்கிரிப்ட்டும் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொன்றிலும் பதிந்துவிடலாம். குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் எதிலும் ஓடும், பிரவுசர் மாறினால் திரும்பச் செய்ய வேண்டியதில்லை. பட்டியல் ஸ்கிரிப்ட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது மட்டும் பேரம் பேச முடியாத நிபந்தனை.

டோக்கன் செருகியிருக்கிறதா, பேக்கப் எப்போது எடுத்தது என்றெல்லாம் பக்கத்தில் தெரிய வேண்டும், கோட் எழுதத் தெரிந்தவர் ஒருவர் நிரந்தரமாகக் கூடவே இருக்கிறார் என்றால் நேட்டிவ் மெசேஜிங். எழுதிக் கொடுத்தவர் வேலையை விட்டுப் போய்விடக்கூடும் என்றால் அந்தப் பக்கமே போக வேண்டாம். லோக்கல் சர்வரை, எம்சைனர் போல வேறு யாரோ எழுதிப் பராமரிப்பதாக இருந்தால் பயன்படுத்துங்கள். சொந்தமாக எழுத இது கடைசித் தேர்வு.

புரோட்டோகாலைப் பதிந்தவுடன் ஒரு சோதனை. ரன் பெட்டியில் உங்கள் புரோட்டோகால் பெயரைப் போட்டு, அதற்குப் பின்னால் பட்டியலில் இல்லாத ஏதாவது ஒன்றை, கால்குலேட்டரின் முழு வழியையே எழுதி எண்டர் தட்டுங்கள். எதுவும் திறக்கக் கூடாது. கால்குலேட்டர் வந்து நின்றால் அந்த ரெஜிஸ்ட்ரி கீயை உடனே அழித்துவிட்டு ஸ்கிரிப்ட்டைத் திரும்ப எழுதுங்கள்.